‘இஸ்’ஸா, ‘வாஸ்’ஸா?

காவிரியில் நீர்வரத்து கூடும்போது ஒகேனக்கல்லில் குளிக்கவும் பரிசல் இயக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை விதிப்பது வழக்கம். தடை நடப்பில் இருப்பதாக அதிகாரிகள் காலையில் சொல்கிறார்கள். மாலையில் ஒருவர் அதை ஆங்கிலத்தில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பள்ளியில் மனப்பாடம் செய்த விதிப்படி ‘இஸ் பேன்ட்’ என்பதை ‘வாஸ் பேன்ட்’ என்று மாற்றிவிடுகிறார். இலக்கணப்படி அதில் பிழையில்லை. ஆனால், அதைப் படிக்கும் வெளியூர்க் குடும்பத்துக்குத் தடை இன்னும் இருக்கிறதா, விலக்கப்பட்டுவிட்டதா என்பது விளங்காது. தடை நீடிக்கும்வரை ‘இஸ்’ என்றே எழுதலாம். ஆங்கிலம் அதற்கு இடம் தருகிறது.

நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றும் பாடம் நம் வகுப்பறைகளில் ஓர் அட்டவணையாகவே சுருங்கிவிட்டது. ‘இஸ்’ வந்தால் ‘வாஸ்’, ‘வில்’ வந்தால் ‘வுட்’, ‘டுமாரோ’ வந்தால் ‘த நெக்ஸ்ட் டே’. ரென் அண்டு மார்ட்டின் ஆங்கில இலக்கண நூலின் காலத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் மனப்பாடம் நடக்கிறது. யார், எப்போது, யாரிடம் சொன்னார் என்ற கேள்வியே எழுவதில்லை. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் “முகாம் நாளை நடக்கும்” என்று ஆட்சியர் சொன்னதை அன்று மாலையே ஒருவர் வீட்டில் சொன்னால், ‘டுமாரோ’ அப்படியே நிற்கலாம். ஒரு வாரம் கழித்துச் சொன்னால்தான் அது மாறியாக வேண்டும்.

தமிழ்ப் பிள்ளைகள் இதில் தடுமாறுவதற்குக் காரணம் அறிவுக் குறைவு அல்ல. “மழை பெய்வதாகச் சொன்னான்” என்கிறோம். சொன்னது நேற்றாக இருந்தாலும் ‘பெய்வதாக’ என்பது மாறுவதில்லை. சொன்னவன் நின்ற நேரத்தைத்தான் தமிழ் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆங்கிலமோ பெரும்பாலும் அதைத் திருப்பிச் சொல்பவர் நிற்கும் இடத்திலிருந்து காலத்தைப் பார்க்கிறது. அதனால்தான் அங்கே ‘வாஸ் ரெய்னிங்’. தருமபுரி மாவட்டத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகளும் கணிசமாக உண்டு. அந்த மொழிகளிலும் சொன்னவரின் காலம் அப்படியே நிற்கும். இந்த வேறுபாட்டைத் தாய்மொழியில் பத்து நிமிடம் விளக்கினால் அட்டவணையில் பாதி தேவைப்படாது.

இதற்கு உள்ளூரிலேயே அருமையான பயிற்சி இருக்கிறது. “கிருஷ்ணகிரி தருமபுரி மாவட்டத்தில் இருக்கிறது” என்று 2000-இல் ஓர் ஆசிரியர் சொன்னதாக இன்று எழுதினால் ‘வாஸ்’தான் பொருந்தும், 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகிவிட்டது. “ஒகேனக்கல் தருமபுரி மாவட்டத்தில் இருக்கிறது” என்று அதே ஆசிரியர் சொன்னதை எழுதும்போது ‘இஸ்’ஸும் சரி, ‘வாஸ்’ஸும் சரி. சொன்னவர் ஒருவரே, சொன்ன ஆண்டும் ஒன்றே. ஆனாலும் விடை வேறு. சூரியன் கிழக்கே உதிக்கிறது என்பதை மட்டுமே விதிவிலக்காகப் படித்த மாணவருக்கு இந்த இரண்டு வாக்கியங்களும் பல கதவுகளைத் திறக்கும்.

இப்படிக் காரணத்தோடு கற்பிப்பது தருமபுரிக்குக் கூடுதலாகத் தேவை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் தருமபுரி, சுமார் 68.5 விழுக்காடு. பென்னாகரம், அரூர், சித்தேரி மலைப் பகுதிகளில் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிப் படிப்பைத் தாண்டும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். நகரத்துப் பிள்ளைக்கு வீட்டில் யாராவது ஆங்கிலம் திருத்துவார்கள். இவர்களுக்கு வகுப்பறையை விட்டால் வேறு இடமில்லை. அந்த வகுப்பறையும் காரணம் சொல்லாமல் அட்டவணையை மட்டும் நீட்டினால், தேர்வு முடிந்த மறுவாரமே எல்லாம் மறந்துபோகும். பிறகு நேர்முகத் தேர்வில் முந்தைய முதலாளி சொன்னதை எடுத்துச் சொல்ல வேண்டிய இடத்தில் வாய் அடைத்துக்கொள்ளும்.

எனவே வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெறும் வாக்கியத்தைக் கொடுத்து மாற்றச் சொல்லாதீர்கள். யார் சொன்னது, எப்போது சொன்னது, இப்போதும் அது உண்மையா என்று ஒரு வரி சேருங்கள். இரண்டு காலமும் பொருந்தும் இடத்தில் இரண்டுக்கும் முழு மதிப்பெண் கொடுங்கள்.