பெற்றோரும் பள்ளி மேடையும்

திருவள்ளூரிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் கடம்பத்தூர் என்றோர் ஊர் உளது. அன்று செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அவ்வூரில், 1958ஆம் ஆண்டு பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடிற்று. காமராசர் முதலமைச்சராகவும், நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் விளங்கிய காலம் அது. பின்னர் மாநிலம் எங்கும் பரவிய அவ்வியக்கத்தில், ஊரார் தத்தம் ஆற்றலுக்கேற்பப் பள்ளிக்கு வேண்டுவன வழங்கினர். சிலர் இடம் தந்தனர். சிலர் கட்டடம் எழுப்பினர். பலகையும் கடிகாரமும் விளையாட்டுக் கருவியும் ஈந்தோர் பலர். பள்ளிக்கு வந்து சேர்ந்த பந்து, தந்தவர் பிள்ளைக்கு மட்டும் உரியதன்று. களத்தில் இறங்கும் பிள்ளைகள் அனைவர்க்கும் உரியது.

இன்று பெற்றோரின் இடம் சட்டத்தாலேயே உறுதி பெற்றுள்ளது. பள்ளி மேலாண்மைக் குழுவினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருத்தல் வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். பாதிப் பேர் பெண்டிராதலும் வேண்டும். தமிழக அரசுப் பள்ளிகளில் 2022ஆம் ஆண்டு கலைத் திருவிழாவும் தொடங்கிற்று. ஆகவே பெற்றோர் பள்ளிக்குள் எதுவரை வரலாம் என்பது எண்ணிப் பார்க்கத்தக்க வினாவாகிறது.

நாடகத்திற்கு உடை தைத்துக் கொடுத்த தாய், தம் மகளே தலைவியாக நடிக்க வேண்டும் என விழைகிறார். களத்தின் ஓரத்தில் நிற்கும் தந்தை நடுவரைக் கடிந்து கூவுகிறார். அன்பே இவற்றிற்கு மூலம், ஐயமில்லை. ஆயினும் அவ்வன்பு, வர இயலாத பெற்றோரின் பிள்ளையைப் பின்வரிசைக்குத் தள்ளிவிடுகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சூழ்ந்த ஊர்களில் அத்தகைய பெற்றோர் பலர். உருக்காலையில் இரவு ஷிப்டு முடித்துக் காலையில் கண்ணயரும் தந்தை, பத்து மணிக் கூட்டத்திற்கு எங்ஙனம் வருவார்? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைப்பு நாடி வந்தோர்க்கு மொழியும் ஒரு தடை. அவருட் பலர்க்கு ஒருநாள் விடுப்பு என்பது ஒருநாள் கூலியின் இழப்பு. அவர் வாராமையை அக்கறையின்மை எனக் கொள்ளுதல் பெரும் பிழை.

எனவே நடிகரையும் ஆட்டக்காரரையும் ஆசிரியரே, மாணவர் அனைவரும் காணத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். தேர்வு முடிந்த பின்னரே உடைக்கும் ஒப்பனைக்கும் பெற்றோரிடம் உதவி கோருதல் முறை. வரிசை மாறின், கொடை விலையாகிவிடும். தைத்த உடை விழா முடிந்ததும் பள்ளியின் பெட்டிக்குள் செல்லட்டும்; அடுத்த ஆண்டு அதனை வேறொரு மாணவி அணிவாள்.

மகளைக் கபடிப் பயிற்சிக்கு விட மறுக்கும் பெற்றோரும் உளர். அவர்களைப் பழமையாளர் என்று இகழ்வது எளிது. பயிற்சி முடியும்போது இருட்டிவிடுகிறது. சிற்றூருக்குச் செல்லும் பேருந்தோ எப்போதோ ஒன்று. அவர்தம் அச்சம் பொருளற்றதன்று. பயிற்சியைக் காலைப் பொழுதிற்கு மாற்றுவது, அவர்க்கு அறிவுரை கூறுவதினும் பயன் தரும்.

கூட்டத்தையும் ஒரு திங்களில் காலையிலும் மறு திங்களில் மாலையிலும் வைத்தால், ஷிப்டு மாறி உழைப்போர்க்கு ஏதேனும் ஒன்று வாய்க்கும். அங்கு வரும் ஒடியா மொழித் தாய் ஒருவரிடம், தம் ஊர்த் தாலாட்டை மாணவியர்க்குக் கற்பிக்குமாறு கேட்கலாம். அதற்கு நன்கொடை வேண்டா. அரைமணிப் பொழுது போதும்.