எந்த லேஅவுட்டின் 5வது கிராஸ்?

பெங்களூரு ஆட்டோ ஓட்டுநரிடம் '3வது மெயின், 5வது கிராஸ்' என்று மட்டும் சொன்னால் வண்டி நகராது. 'எந்த லேஅவுட்?' என்பார். ஜெயநகர், மல்லேஸ்வரம், இந்திராநகர் என எங்கும் எண்ணிட்ட தெருக்கள்தாம். அவர் தவறாமல் கேட்கும் அந்தக் கேள்வியை இந்நகரின் ஆய்வுக்கூடங்களில் லினக்ஸ் கணினிகளுக்குப் பெயரிடுவோர் பலர் கேட்பதில்லை.

'காவேரி' என்று ஒற்றைச் சொல்லில் பெயர் வைத்துவிடுகின்றனர். அச்சொல்லோடு எந்தக் களப்பெயரை ஒட்டித் தேடுவது என்பதை ரிசால்வ் கோப்பிலுள்ள தேடல் பட்டியல் முடிவு செய்கிறது. இரு துறைகளில் இரு காவேரிகள் இருந்தால், பட்டியலில் முந்தியதே கிடைக்கும். ஓட்டுநரைப் போலக் கணினி எதிர்க்கேள்வி கேட்பதில்லை. எஸ்எஸ்எச் மட்டும், எதிர்முனையின் சாவி மாறியிருப்பதாக எச்சரிக்கும். அந்த வரியை அழித்துவிட்டு மேலே செல்வதே மாணவர்க்குப் பழக்கமாகிவிட்டது. பல மாதத் தரவு வேறொருவர் கணினியில் போய் விழுவதற்கு அவ்வளவே போதும்.

பெயர் கிடைக்கவில்லை என்றதும் டிஎன்எஸ் மீது பழி போடுவது வழக்கம். முதலில் பார்க்க வேண்டியது என்எஸ்ஸ்விட்ச் கோப்பின் 'ஹோஸ்ட்ஸ்' வரியை. யாரிடம் முதலில் கேட்பது என்ற வரிசை அங்கேதான் உள்ளது. பெரும்பாலும் உள்ளூர்க் கோப்பு முன்னும் டிஎன்எஸ் பின்னும் நிற்கும். கெட்டென்ட் கட்டளை அவ்வரிசைப்படி செல்கிறது. டிக் கட்டளையோ நேரே பெயர் வழங்கியிடம் போகிறது. முழுப் பெயருக்கு இவ்விரண்டும் வெவ்வேறு விடை தந்தால், குற்றவாளி பெரும்பாலும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் எவரோ என்றோ அவசரத்துக்கு எழுதிச் சென்ற ஒரு வரிதான். விடை சரியாகவே வந்தும் ஒவ்வொரு முறையும் 5 நொடி தாமதமானால், பட்டியலின் முதல் பெயர் வழங்கி செயலிழந்திருக்கக்கூடும். அதற்காகக் காத்திருக்கும் இயல்பான கால அளவு அதுவே. உபுண்டுவில் 127.0.0.53 என்று கண்டு திகைக்க வேண்டியதில்லை. அது அதே கணினிக்குள் இருக்கும் இடைத்தரகர். உண்மையான வழங்கிகளை ரிசால்வ்சிடிஎல் காட்டும்.

ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திருத்திச் சமாளிப்பதை எளிய தீர்வு என்போர் வரலாற்றை எண்ணிப் பார்க்கலாம். ஆர்ப்பாநெட் கணினிகளின் பெயர்கள் அனைத்தும் ஒரே கோப்பில் இருந்தன. ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனம் அதைப் பராமரித்தது. வலையமைப்பு பெருகியபோது அம்முறை தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தது அதனால்தான். அங்காவது ஒரே மூலக் கோப்பு. இருபது கணினிகளில் இருபது கோப்புகளைக் கையால் திருத்தும் கூடத்தில் எது மூலம்? தனித்து நிற்கும் ஓரிரு கணினிகளுக்கு அது போதும். பலர் பகிரும் கணினிகளுக்குப் போதாது.

துறையின் பெயர் வழங்கியில் முழுப் பெயரைப் பதிவு செய்ய ஒரு மின்னஞ்சலும் இரண்டு நாள் காத்திருப்பும் தேவைப்படலாம். அந்த இரண்டு நாளைத் தவிர்க்க எழுதப்படும் வரி, எழுதியவர் பட்டம் பெற்றுச் சென்ற பின்னும் அங்கேயே இருக்கிறது.