கடிகைமுத்துப் புலவர் வழியில் எங்கள் ஆசான்கள்



மூன்றாண்டு இளங்கலைத் தமிழ்ப் படிப்பை நிறைவு செய்து விடைபெறும் வேளையில், ஆசான்களைப் பற்றி ஒரு கட்டுரை வரைந்து தருமாறு மலர்க்குழுவினர் பணித்தனர். இத்தகைய கட்டுரைகளில் வழக்கமாக என்ன எழுதப்பெறும் என்பதைத் துறையின் பழைய மலர்களைப் புரட்டினாலே அறியலாம். ஏணி, தோணி, மெழுகுவத்தி ஆகிய மூன்றும் தவறாமல் இடம்பெற்றிருக்கும். ஆசிரியரை மெழுகுவத்தி என்பதில் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் ஆசான்கள் எவரும் உருகிக் கரைந்துவிடவில்லை. முப்பதாண்டுப் பணிக்குப் பின்னரும், நன்னூல் நூற்பாவில் ஓர் அசை பிறழ்ந்தால் கடைசி இருக்கைவரை கேட்கும் குரலில் திருத்துகின்றார்கள். ஆதலின் உவமைகளை ஒதுக்கிவிட்டு, அவர்கள் செய்த பணி இன்னதென எடுத்துரைப்பதும், அப்பணி அறுந்துபோகாமல் தொடர வேண்டுமென்று நிருவாகத்தாரையும் சமுதாயப் பெரியோரையும் வேண்டுவதுமே என் நோக்கம்.

எங்கள் துறையில் சீறாப்புராணம் பயிற்றுவித்தவர் சைவக் குடும்பத்தில் பிறந்த பேராசிரியர். கம்பராமாயணம் பயிற்றுவித்தவர் ஐவேளை தொழும் பேராசிரியர். வெளியூரிலிருந்து வரும் விருந்தினர்க்கு இச்செய்தியைச் சொன்னால் வியக்கின்றனர். வியப்பதற்கு இதில் ஒன்றுமில்லை என்பது என் கருத்து. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் தமிழ் கற்றது எட்டயபுரம் அரசவைப் புலவரான கடிகைமுத்துப் புலவரிடம். நாகூர் குலாம் காதிறு நாவலர் பாடங்கேட்டது மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம். 1907ஆம் ஆண்டில் சென்னையில் சதாவதானம் நிகழ்த்திப் புகழ்கொண்ட கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலர்க்கு இலக்கண இலக்கியம் கற்பித்தவர் சங்கரநாராயண அண்ணாவியார். சென்னைக் கம்பன் கழகத்தின் தலைவராக விளங்கிய நீதிபதி மு.மு.இஸ்மாயில் அவர்களின் கம்பன் புலமையைத் தமிழுலகம் நன்கறியும். தமிழில் ஆசான் யார், மாணாக்கன் யார் என்று பார்க்கும்போது சமயம் இடையில் வந்து நின்றதில்லை. அந்த வழியில் வந்தவர்களே எங்கள் ஆசான்கள்.

சீறாப்புராண வகுப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என மூன்று காண்டங்களில் 5027 விருத்தங்களைக் கொண்ட பெருங்காப்பியம் அது. பாடத்திட்டத்தில் எங்களுக்கு வைக்கப்பெற்றிருந்ததோ ஒரே ஒரு படலம். தேர்வுக்கு அது போதும். எங்கள் பேராசிரியருக்கு அது போதவில்லை. நாட்டுப் படலத்திலிருந்து தொடங்கினார். பாலை நிலமாகிய அறபு நாட்டில் வயலும் வாளையும் கமுகும் எப்படி வந்தன என்று நாங்கள் நகைத்தபோது அவர் சினம் கொள்ளவில்லை. கம்பர் தாம் காணாத கோசலத்தைக் காவிரி நாடாகப் பாடினாரே, அப்போது ஏன் நகைக்கவில்லை என்று மட்டும் கேட்டார். காப்பிய மரபு என்பது யாது என நாங்கள் விளங்கிக்கொண்டது அந்த ஒரு வினாவிலேதான்.

அறபுச் சொல் வரும் பாடல்களை நடத்துவதற்கு முன்னர், நூலைக் கையிலேந்தி அறபுத் துறைக்கு நடந்து செல்வார். அங்குள்ள மூத்த பேராசிரியரிடம் அச்சொல்லின் ஒலியையும் பொருளையும் உறுதி செய்துகொண்ட பின்னரே வகுப்பினுள் நுழைவார். உமறுப்புலவரே நபிகளாரின் வரலாற்றுக்கான அறபு மூலச் செய்திகளை ஆலிம் பெருமக்களிடம் கேட்டுப் பெற்றுத்தான் பாடினார் என்பர். புலவர் நடந்த வழியில் அவர் நூலை நடத்தியவரும் நடந்தார். அவ்வகுப்பில் முஸ்லிம் மாணவர்கள் 'தீன்' என்பதற்கும் 'கலிமா' என்பதற்கும் விளக்கம் சொல்ல, ஏனையோர் எதுகையையும் அணியையும் எடுத்துக்காட்ட, பாடல் இருசாரார்க்கும் உரியதாயிற்று.

யாப்பிலக்கணம் பயிற்றுவித்த அம்மையார் வேறு வகையினர். இலக்கணத்தை ஒப்பித்தால் அவருக்கு நிறைவில்லை. வாரந்தோறும் ஒவ்வொருவரும் ஒரு வெண்பா எழுதித் தரவேண்டும். பொருள் எதுவாயினும் ஆகலாம். பேருந்து நெரிசலைப் பற்றியும் விடுதிச் சாம்பாரைப் பற்றியும் கூட வெண்பாக்கள் பிறந்தன. (அவற்றுள் சாம்பார் வெண்பாவே தளை தட்டாமல் அமைந்தது என்பது அவர் தீர்ப்பு.) நாற்பது ஏடுகளையும் வீட்டுக்குச் சுமந்து சென்று, தளை பிறழ்ந்த இடங்களில் சிவப்பு மையால் கோடிட்டுத் திங்கட்கிழமை திருப்பித் தருவார். திருத்திய சொல்லைத் தாமே எழுதித் தரமாட்டார். 'நீரே தேடும்' என்று எழுதியிருப்பார். இன்று கைப்பேசியைத் தட்டினால் கட்டுரை வந்து விழுகின்றது. அச்சிவப்புக் கோட்டின் அருகே மணிக்கணக்கில் அமர்ந்து ஒரு சீரைத் தேடியவர்க்கே சொல்லின் எடை தெரியும்.

தேர்வுக் கட்டணம் செலுத்த இயலாதோர்க்குச் செலுத்தியவர் எவர் என்பதையும் இங்கே எழுத விழைந்தேன். எழுதினால் இம்மலரை வாங்கவே மாட்டேன் என்று அவர் எச்சரித்திருப்பதால் விடுகின்றேன்.

முஸ்லிம் பெருமக்கள் நிறுவிய கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் புகழ்பெற்ற கவிஞர்களைத் தந்துள்ளன என்று மேடைகளில் பெருமிதத்தோடு பேசுகின்றோம். 1919இல் தோன்றிய வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரியில் பணியாற்றிய கவிக்கோ அப்துல் ரகுமான் 1974இல் 'பால்வீதி'யைத் தந்தார். 'ஆலாபனை'க்காக 1999இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றார். சென்னைப் புதுக்கல்லூரியில் கவிஞர் இன்குலாப் பயிற்றுவித்தார். பெருமிதம் தகும். ஆயினும் புகழ்பெற்ற இருவர் மூவரை மட்டுமே எண்ணிப் பார்க்கும் வழக்கம் எனக்கு உவப்பானதன்று. ஒரு நூலும் வெளியிடாமல், ஒரு விருதும் பெறாமல், நாள்தோறும் ஐந்து மணிநேரம் நின்று பாடம் நடத்தி ஓய்வுபெற்றோர் பற்பலர். தமிழ்த்துறைகள் நின்றது அவர்களின் தோள்களில்.

இவ்வாண்டு எங்கள் துறையில் இரு பேராசிரியர்கள் ஓய்வு பெறுகின்றனர். முன்னர் ஓய்வுபெற்ற ஒருவரின் இடம் இன்னமும் நிரப்பப்படவில்லை. மணிக்கணக்கு ஊதியத்தில் வரும் இளையவர் ஒருவர் அவ்விடத்தைத் தாங்குகின்றார். அவர் திறமையில் எவ்விதக் குறையுமில்லை. ஆனால் அடுத்த ஆண்டு இருப்போமா என்று அறியாதவர், ஒரு மாணவனை மூன்றாண்டு தொடர்ந்து வளர்ப்பது எங்ஙனம்? போதிய மாணவர் சேராவிடின் இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் என்னும் விருப்பப் பாடமும் நீக்கப்படலாம் என்ற பேச்சு எழுந்துள்ளது. வணிகவியலுக்கும் கணினிக்கும் நிற்கும் கூட்டத்தை நான் குறை கூறவில்லை. பிழைப்பு எல்லார்க்கும் வேண்டும். ஆயினும் மீலாது மேடையில் சீறாவை மேற்கோள் காட்டிக் கைத்தட்டல் பெறும் பெரியோர், அதனைப் பிழையறச் சொல்லிக் கொடுக்க ஓர் ஆசிரியர் இருக்கின்றாரா என்பதையும் கேட்டறிய வேண்டாவா?

இலங்கையைச் சேர்ந்த பேராசிரியர் ம.மு.உவைஸ், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இத்துறைக்கே உரிய பேராசிரியராக அமர்ந்து, பீ.மு.அஜ்மல்கானுடன் இணைந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். 1572இல் வண்ணப்பரிமளப் புலவர் பாடிய ஆயிர மசலா முதலாக எத்துணை நூல்கள் நமக்குண்டு என்பதை அத்தொகுதிகள் காட்டுகின்றன. முனாஜாத்து, கிஸ்ஸா, நாமா, படைப்போர் எனத் தமிழுக்குப் புதிய இலக்கிய வகைகளையே தந்த மரபு இது. பட்டியல் இருக்கின்றது. பாடஞ்சொல்ல ஆள் வேண்டும்.

ஒரு சான்று கூறுவேன். வீட்டுப் பரணில் பழைய நூல் இருப்பின் கொணருமாறு சீறாப் பேராசிரியர் எங்களிடம் சொல்வது வழக்கம். என் வகுப்புத் தோழர் ஒருவர் அறபுத்தமிழில் அச்சான, முன்னட்டை கிழிந்த நூலொன்றைக் கொண்டு வந்தார். எழுத்து அறபு, மொழி தமிழ். பேராசிரியருக்கு எழுத்து தெரியாது. தோழருக்கு எழுத்துக் கூட்டத் தெரியும், பழஞ்சொற்கள் விளங்கா. அவருடைய பாட்டியார்க்கு இரண்டும் தெரியும், ஆனால் தமிழெழுத்து எழுத வராது. அன்று தொடங்கி ஞாயிறுதோறும் பேராசிரியர் அவ்வீட்டுக்குச் சென்றார். திரைக்கு அப்பாலிருந்து பாட்டியார் படிக்க, இப்பால் அமர்ந்து அவர் தமிழெழுத்தில் படியெடுத்தார். ஐயப்பட்ட சொல்லுக்கு, 'அம்மா, இன்னொரு தரம்' என்பார். சலிக்காமல் மீண்டும் படிப்பார் அந்த அம்மையார்.

அப்பேராசிரியர் வரும் மே திங்களோடு ஓய்வு பெற்றுத் தம் சொந்த ஊருக்குக் குடிபெயர்கின்றார். ஜூன் திங்களில் கல்லூரி திறக்கும் முன்னர் அவ்விடத்துக்கு நிலையான ஒருவரை அமர்த்துமாறு நிருவாகத்தாரைப் பணிவுடன் வேண்டுகின்றேன். அந்நூலில் இன்னும் பாதி படியெடுக்கப்படாமல் உள்ளது. பாட்டியார்க்கு வயது எண்பத்திரண்டு.