அட்டைக்கும் நாதியில்லை, எங்களுக்கும் நாதியில்லை

2018 ஜூன் மாதம் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஊருக்குள் வந்த ஒரு சிறுத்தையை அடித்தே கொன்றார்கள். கொன்றதைக் கைபேசியில் படமும் பிடித்தார்கள். நாடு கொதித்தது. பத்திரிகைகள் எழுதின, ஆட்களைப் பிடித்தார்கள், வழக்குப் போட்டார்கள். கொதித்தது நியாயம். அந்தச் சிறுத்தைக்காக நானும் வயிறெரிந்தவன்தான்.

அதே காலத்தில் வடமராட்சி கிழக்கில், மருதங்கேணிப் பக்கத்துக் கடலில், இரவிரவாக விளக்குப் பிடித்து ஆயிரமாயிரம் உயிர்களை அள்ளிக்கொண்டிருந்தார்கள். வெளிமாவட்டங்களில் இருந்து வந்து கரையில் வாடி போட்டு, படகு படகாகக் கடலட்டை ஏற்றினார்கள். கையில் இருந்த அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனையை அவர்களும் பார்க்கவில்லை, கொடுத்தவர்களும் பார்க்கவில்லை. எங்கள் சனம் யாழ்ப்பாண நகரத்துக்குப் போய் வீதியில் நின்று கத்தியது. அதற்கு நாடு கொதிக்கவில்லை. அட்டைதானே என்று விட்டுவிட்டார்கள். மீன்காரர்தானே என்றும் விட்டுவிட்டார்கள்.

நான் கேட்கிறேன், கண்ணும் காதும் இல்லாத உயிர் என்றால் அதற்கு உயிர் இல்லையா? ஓடத் தெரியாது, கடிக்கத் தெரியாது, கத்தத் தெரியாது என்பதற்காக அதை அடியோடு வழித்தெடுக்கலாமா?

எங்கள் பரவைக் கடலில் வற்று நேரத்தில் முழங்காலளவு தண்ணீரில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். சாதாளை என்ற கடற்புல்லுக்கு நடுவே ஓரிடத்தில் மணல் இலேசாகப் புடைத்திருக்கும். கையை விட்டால் தடித்த, மெத்தென்ற உடம்பு விரலில் தட்டும். தூக்கினால் தன்னை இறுக்கிக்கொண்டு தண்ணீரைக் கக்கும். அதன் எதிர்ப்பு அவ்வளவுதான். அதுதான் வெள்ளை அட்டை. மணலையும் சேற்றையும் தின்று, அதில் மக்கிக் கிடப்பதைத் தன் உணவாக்கி, மணலைச் சுத்தமாக்கி வெளியே விடும். கடலின் தரையைக் கிண்டிப் புரட்டிக் கொடுப்பது அதன் வேலை. அந்த வேலை நின்றால் தரை இறுகும், அழுக்கு படியும், சாதாளையின் வளர்ச்சி குன்றும். சாதாளை போனால் ஓரா ஏது, இறால் ஏது, நண்டு ஏது? நண்டு இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் உலை ஏது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அட்டையில் ஆணும் பெண்ணும் கூடுவதில்லை. ஆண் விந்தையும் பெண் முட்டையையும் தண்ணீரில் விடுகின்றன. பக்கத்தில் துணை இருந்தால்தான் அவை சேர்ந்து கரு உண்டாகும். அள்ளி அள்ளி, மிஞ்சியவை ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் ஆகிவிட்டால், அவை உயிரோடு கிடந்தும் மலடுதான். ஒரு கடலில் கடைசி அட்டையைப் பிடிக்க முந்தியே அந்தக் கடலின் அட்டைக் குலம் அழிந்துபோகும். இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் 2013 இலேயே வெள்ளை அட்டையை அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்று அறிவித்துவிட்டது. அதற்குப் பிறகும் எங்கள் கரையில் வாடிகள் எழும்பின.

இந்த வெறிக்குக் காரணம் விலை. வாடிக்குப் பக்கத்தில் போனால் அந்த மணமே தள்ளி நிறுத்தும். வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து, பெரிய கிடாரத்தில் அவித்து, மணலில் புதைத்து, அடுத்த நாள் கிண்டி எடுத்து மேல்தோலைத் தேய்த்துக் கழுவி, திரும்பவும் அவித்து வெயிலில் போடுவார்கள். காய்ந்து முடிய, பத்துக் கிலோ அட்டை ஒரு கிலோகூடத் தேறாது. சாக்கு ஒன்றில் பிடிபடுவது சில கிலோ என்று செய்தி வந்தால், அதற்குப் பின்னால் எத்தனை உயிர் என்று கணக்குப் பாருங்கள். அந்தக் காய்ந்த சாமான் ஹொங்கொங், சீனக் கடைகளில் கிலோ ஆயிரம் அமெரிக்க டொலருக்கு மேலும் விற்றிருக்கிறது. விருந்துக்கும் மருந்துக்கும் பரிசுக்கும் வாங்குகிறார்கள். எங்கோ ஒரு மேசையில் ஒருவரின் கௌரவத்துக்காக எங்கள் பிள்ளைகளின் கடல் வெறுமையாகிறது.

களவு எப்படி நடக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். 2001 இல் இந்தியா எல்லாக் கடலட்டைகளையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் சேர்த்தது. புலிக்கும் யானைக்கும் உள்ள காவல் அங்கே அட்டைக்கும் உண்டு. இங்கே அனுமதிப்பத்திரம் எடுத்தால் பிடிக்கலாம், ஏற்றுமதி செய்யலாம். நடுவே கிடப்பது ஒரு சின்னப் பாக்கு நீரிணை. அக்கரையில் பிடிபட்டால் குற்றம், இக்கரையில் இறங்கினால் வியாபாரம். 2021 செப்ரெம்பரில் மண்டபம் என்ற அக்கரை ஊருக்குப் பக்கத்தில் இந்தியக் கடலோரக் காவற்படை ஒரே தடவையில் இரண்டு தொன் அட்டை பிடித்தது. பிடிபட்டது அவ்வளவு. பிடிபடாதது எவ்வளவு? அவித்துக் காய்ந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, இது இராமநாதபுரத்து அட்டையா யாழ்ப்பாணத்து அட்டையா என்று எந்த அதிகாரி சொல்லுவார்? இரண்டு அரசாங்கங்களும் தங்கள் தங்கள் சட்டத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்க, கள்ளன் அந்த இடைவெளியால் படகு ஓட்டுகிறான்.

இதைப் பேச உலகமே எங்கள் நாட்டுக்கு வர இருந்தது. அழியும் உயிரினங்களின் வியாபாரம் பற்றிய சர்வதேச மாநாடு 2019 மே மாதம் கொழும்பில் கூட இருந்தது. உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பால் அது ஓகஸ்டில் ஜெனீவாவுக்குப் போனது. அங்கேதான் முலையட்டை வகையைச் சேர்ந்த மூன்று இனங்களுக்கு முதன்முறையாக வியாபாரக் கட்டுப்பாடு வந்தது. வெள்ளை அட்டை அந்த மூன்றில் இல்லை. எங்கள் கரையில் அள்ளப்படும் அந்த உயிர் அந்த முடிவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். போர்க் காலத்தில் கடலுக்குப் போகத் தடை, பாஸ், நேரக் கட்டுப்பாடு, பாதுகாப்பு வலயம் என்று கரையிலேயே பட்டினி கிடந்தோம். அந்தப் பட்டினியில் ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. கடல் கொஞ்சம் ஆறியிருக்கும், சண்டை முடிந்தால் பிடிக்கலாம் என்று நினைத்திருந்தோம். 2009 இல் சண்டை முடிந்தது. ஆறியிருந்த கடலுக்குள் எங்களுக்கு முந்தியே சிலிண்டரோடு இறங்கினார்கள். அக்கரையில் இருந்து இழுவைப் படகுகள் வந்து தரையோடு வாரின. 2017 இல் எங்கள் பாராளுமன்றம் இழுவை மடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. அக்கரை உறவுகளே, உங்களை எதிரி என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. நீங்கள் வாரிக்கொண்டு போகும் தரையில்தான் எங்கள் பிள்ளைகளின் சோறு கிடக்கிறது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியாது.

பிடிபடுவது யார் என்று பாருங்கள். கடற்படையின் கையில் அகப்படுவது கூலிக்குக் குதிக்கும் பெடியன். அவன் இரவில் சுழியோடுகிறான், ஆழத்தில் இருந்து அவசரமாக மேலே வருகிறான், இரத்தத்தில் காற்றுக் குமிழி ஏறிக் கைகால் விளங்காமல் படுக்கையில் விழுகிறான். வழக்கு அவனுக்கு, வாதம் அவனுக்கு. படகுக்குக் காசு போட்ட முதலாளியின் பெயர் எந்தச் செய்தியிலும் வருவதில்லை. ஆம், அந்தப் பெடியன்களில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நண்டும் மீனும் குறைந்த வீட்டில் பிறந்த பிள்ளை, ஒரு இரவுக்கு ஒரு கிழமைக் கூலி என்றால் குதிக்காமல் என்ன செய்யும்? முதலில் கடலை வறுமையாக்கினார்கள், பிறகு அந்த வறுமையையே ஆள் பிடிக்கும் தூண்டிலாக்கினார்கள்.

இதற்கெல்லாம் மருந்து பண்ணை என்று வந்து சொன்னார்கள். 2022 ஜூனில் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், புத்தளம் மாவட்டங்களில் ஐயாயிரம் ஏக்கரில் கடலட்டை வளர்க்க அமைச்சரவை சம்மதம் கொடுத்தது. வளர்ப்பதை நான் எதிர்க்கவில்லை. குஞ்சுப் பொரிப்பகத்தில் பிறந்த அட்டையை வளர்த்து விற்றால் கடலுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது. ஆனால் எந்தக் கடலில் வேலி போட்டீர்கள்? களங்கட்டியும் சிறகு வலையும் போட்டுப் பிழைக்கும் ஆழமில்லாத கடலில் போட்டீர்கள். பெண்கள் இறங்கிக் கையால் பொறுக்கும் கரையில் போட்டீர்கள். கிளிநொச்சிக் கரையில் கிராஞ்சி மீனவர்கள் தெருவுக்கு வந்தது சும்மாவா? குஞ்சு போதாதபோது பண்ணைக்குள் விடுவதற்குக் கடலில் இருந்தே சின்ன அட்டையைப் பிடித்தால், அது வளர்ப்பா, கொள்ளையா? களவில் பிடித்த அட்டையைப் பண்ணை அட்டை என்று காட்டி அனுப்பினால் தடுக்க என்ன ஏற்பாடு வைத்திருக்கிறீர்கள்?

செய்ய மனமிருந்தால் செய்யலாம். பாப்புவா நியூ கினியில் அட்டை குறைந்துபோனபோது 2009 இல் அட்டைத் தொழிலையே மூடினார்கள். 2017 வரை திறக்கவில்லை. கடலை நம்பிப் பிழைக்கும் ஏழை நாடுதான் அதுவும். இலட்சத்தீவில் செரியபாணிப் பவளப்பாறையைச் சுற்றி 239 சதுர கிலோமீற்றரை 2020 இல் அட்டைக்கென்றே காவற்பகுதி ஆக்கினார்கள். அவர்களால் முடிந்தது எங்களால் ஏன் முடியாது?

நாங்கள் பிச்சை கேட்கவில்லை. கொழும்பும் டில்லியும் சென்னையும் ஒரு மேசையில் இருந்து, இந்த நீரிணையின் இரண்டு கரைக்கும் அட்டைக்கு ஒரே சட்டம் போடுங்கள். இரவுச் சுழியோட்டத்துக்குக் காகிதத்தில் உள்ள தடையைக் கடலில் காட்டுங்கள். அட்டை முட்டையிடும் மாதங்களில் தொழிலை மூடுங்கள், மூடும் மாதங்களுக்கு எங்கள் வீடுகளுக்கு நிவாரணம் கொடுங்கள். எங்கள் கடலில் யாருக்கு அனுமதி என்பதை எங்கள் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தைக் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள். ஏற்றுமதியாகும் ஒவ்வொரு சாக்குக்கும் அது எந்தக் கரையில், யார் கையால் வந்தது என்று பதிவு கேளுங்கள். பதிவு இல்லாத சாக்கைப் பிடித்தால், சுமந்த பெடியனோடு நிற்காமல் காசு போட்டவனின் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

சிறுத்தைக்குக் கொதித்த நாடு அட்டைக்கும் கொதிக்கத்தான் வேண்டும். சிறுத்தையின் சாவுக்குப் படம் சாட்சியாக இருந்தது. அட்டையின் சாவுக்கு எங்களைத் தவிரச் சாட்சி இல்லை. எங்களைக் கூப்பிடுங்கள். எந்த நீதிமன்றத்திலும் வந்து சொல்லுவோம், யார் அள்ளினார்கள், யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று.