அகலத்தை நம்பிக் கெடாதீர்கள்

பின்சக்கரத்தில் இயங்கும் வேகக் கார் ஒன்றை வாங்கியவர் காதில் விழும் முதல் அறிவுரை, "டயரை மாத்துங்க, நல்லா அகலமாப் போடுங்க" என்பதுதான். நண்பர் சொல்வார், டயர்க் கடைக்காரர் சொல்வார், காரை ஓட்டிப் பார்த்து விமர்சனம் எழுதுபவரும் சொல்வார். எஞ்சினின் சக்தி முழுக்கப் பின்சக்கரம் வழியாகத்தானே தரைக்கு இறங்குகிறது, அங்கே ரப்பர் எவ்வளவு அகலமோ அவ்வளவு பிடிப்பு என்பது அவர்கள் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது தவறு. பணத்தை மட்டும் தின்றுவிட்டுப் போகிற தவறும் அல்ல. நல்ல காரின் குணத்தைக் கெடுத்து, மழை நாளில் உயிரோடு விளையாடுகிற தவறு.

2012-இல் டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து உருவாக்கிய 86 என்ற காரை எடுத்துக்கொள்வோம். இரண்டு லிட்டர் எஞ்சின், 200 குதிரைத்திறன், எடை சுமார் 1,250 கிலோ. அதற்கு 215/45 R17 அளவில், அதாவது 215 மில்லிமீட்டர் அகலத்தில், மிச்செலின் பிரைமசி டயரைப் பொருத்தி அனுப்பினார்கள். எரிபொருள் சிக்கனத்துக்குப் பெயர்போன பிரியஸ் காரிலும் வந்த டயர் அது. உலகமே கேலி செய்தது. தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடா அதை வேண்டுமென்றேதான் தேர்ந்தெடுத்தார். சாதாரண வேகத்திலேயே ஓட்டுநர் காரின் எல்லையை உணர வேண்டும், வால் மெல்ல நழுவுவதைக் கையிலும் இடுப்பிலும் அறிந்து திருத்திக்கொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம். வாங்கியவர்களில் பலர் செய்த முதல் காரியம், அதைக் கழற்றிவிட்டு 245, 255 என்று மாட்டியது.

கேலி செய்தவர்கள் பக்கமும் பாதி நியாயம் உண்டு. அந்த டயரின் ரப்பர் சத்தமின்றி நெடுநாள் உழைக்கச் செய்யப்பட்டது. வளைவில் இறுகப் பிடிக்கச் செய்யப்பட்டதல்ல. அப்படியானால் மாற்ற வேண்டியது ரப்பரை. அகலத்தை ஏன் மாற்ற வேண்டும்? இதற்கு டொயோட்டாவே பதில் தந்துவிட்டது. 2021-இல் இரண்டாம் தலைமுறை 86 வந்தது. எஞ்சின் 2.4 லிட்டராகப் பெருத்தது. அமெரிக்காவில் 228 குதிரைத்திறன். விலை கூடிய வகைகளில் பிரைமசி போய், பிடிப்பு மிகுந்த ரப்பர் கொண்ட பைலட் ஸ்போர்ட் 4 வந்தது, ரிம் 18 அங்குலமானது. டயர் அளவு 215/40 R18. அகலம் அதே 215. சக்தி கூடிய பின்னும் அகலத்தில் ஒரு மில்லிமீட்டர் கூட்ட அந்தப் பொறியாளர்களுக்குத் தோன்றவில்லை. மாஸ்டாவின் எம்எக்ஸ்-5 கதையும் இதேதான். 1989-இல் 185/60 R14 டயரோடு வந்த அந்தச் சிறு கார், கால் நூற்றாண்டு கழித்து 2015-இல் நான்காம் தலைமுறையாக வந்தபோதும் அடிப்படை வகையில் 195/50 R16-தான். ஓட்டும் சுகத்துக்காகவே பெயர் வாங்கிய கார் அது.

அகலம் ஏன் நேரடியாகப் பிடிப்பாக மாறுவதில்லை என்பதை ஒரு எளிய கணக்கில் பார்த்துவிடலாம். டயர் காற்றின் மேல் நிற்கிறது. ஒரு சக்கரத்தின் மேல் 310 கிலோ எடை, உள்ளே 33 பிஎஸ்ஐ, அதாவது சதுர செ.மீ.க்கு சுமார் 2.3 கிலோ அழுத்தம் என்றால், தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 135 சதுர செ.மீ. சைட்வாலின், அதாவது டயரின் பக்கச்சுவரின், விறைப்பும் கொஞ்சம் எடையைத் தாங்கும் என்பதால் இது தோராயம்தான். இப்போது அகலமான டயரை மாட்டி அதே காற்றை அடியுங்கள். எடை அதேதான், அழுத்தம் அதேதான். பரப்பும் கிட்டத்தட்ட அதேதான். மாறுவது அதன் வடிவம். 18 செ.மீ. அகலமும் ஏழரை செ.மீ. நீளமுமாக இருந்தது, 21 செ.மீ. அகலமும் ஆறரை செ.மீ.க்குச் சற்றுக் குறைந்த நீளமுமாகிறது. அகலத்தில் ஏறியது நீளத்தில் இறங்கிவிட்டது. கடையில் சொல்லப்படும் "ரப்பர் அதிகம், பிடிப்பு அதிகம்" என்ற கணக்கில் இந்த இரண்டாம் பாதி எப்போதும் விடுபட்டுப் போகிறது.

அகலத்தால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. டயர் தரையைத் தொடும் தடம் அகலமும் குட்டையுமாக இருந்தால் பக்கவாட்டு விசைக்கு விறைப்பாக நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பியதும் கார் சட்டென்று பதில் சொல்லும். சூடு அதிக ரப்பரில் பரவுவதால், பந்தயப் பாதையில் சுற்றுக்கு மேல் சுற்று ஓடினாலும் மென்மையான ரப்பர் தாக்குப்பிடிக்கும். காய்ந்த பாதை, சூடேறிய டயர், அதற்கேற்ற ரிம், சரிசெய்த சஸ்பென்ஷன் எல்லாம் கூடிவந்தால் நேரம் குறையும். ஃபார்முலா 1 காரைக் காட்டுகிறவர்கள் இந்த "எல்லாம் கூடிவந்தால்" என்பதை மறந்துவிடுகிறார்கள். வேகத்தில் மேலிருந்து அழுத்தும் காற்றின் விசை காரின் எடையையும் மிஞ்சி அங்கே டயரைத் தரையோடு அமுக்குகிறது. டயர் கம்பளிக்குள் சூடாகித்தான் பாதைக்கே வருகிறது. காய்கறி வாங்கப் போகிற காரின் டயர் அந்தச் சூட்டை ஒருநாளும் காண்பதில்லை.

ரிம்மைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதிகம் ஏமாறுவது அங்கேதான். முதல் தலைமுறை 86-இன் ரிம் ஏழு அங்குல அகலம். 245 டயருக்கு அதைவிட அகலமான ரிம் வேண்டும். பழைய ரிம்மிலேயே அதைத் திணித்தால் சைட்வால் உள்நோக்கி இறுகும், தரையைத் தொடும் முகம் நடுவில் உப்பும், வளைவில் டயர் பக்கவாட்டில் புரளும். ஸ்டியரிங் குழைந்துபோகும். 215-இல் இருந்த துல்லியம்கூட மிஞ்சாது. அகலம் கேட்டவர் காசு கொடுத்து வாங்கியது தளர்ச்சியை.

அடுத்து மழை. நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் வால்டர் ஹோர்னே விமானச் சக்கரங்களை வைத்து 1960-களில் கண்டறிந்த விதி ஒன்று உண்டு. ஆழமாக நீர் தேங்கிய ஓடுதளத்தில் டயர் எந்த வேகத்தில் தரையை விட்டு நீர்மேல் மிதக்கும் என்பதை டயரின் காற்றழுத்தத்தின் வர்க்கமூலம் தீர்மானிக்கிறது. 33 பிஎஸ்ஐக்கு அது மணிக்கு சுமார் 95 கி.மீ. 1984-இல் ஹோர்னே தடத்தின் வடிவத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்தார். தடம் எவ்வளவு அகலமாகவும் குட்டையாகவும் இருக்கிறதோ, அவ்வளவு குறைந்த வேகத்திலேயே டயர் மிதக்கும். நீர் பக்கவாட்டில் வெளியேற நெடுந்தூரம் போக வேண்டியிருக்கிறது. வெளியேறக் கிடைக்கும் நேரமோ குறைகிறது. பின்சக்கரக் காரில் மிதப்பது பின்பக்கமானால், கால் ஆக்ஸிலரேட்டரில் இருக்கும்போதே வால் வீசிவிடும். வடகிழக்குப் பருவமழையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி ஓட்டுகிறவர் இதை ஏட்டுக் கணக்கு என்று ஒதுக்க முடியாது.

இன்னொரு பழக்கம், பின்னால் மட்டும் அகலத்தைக் கூட்டுவது. போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் 2.7-இல் 1973-இலேயே முன்னே 185, பின்னே 215 என்று இருந்ததே என்பார்கள். அந்தக் காரின் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. எடையில் பெரும்பங்கு அங்கே இருக்கும்போது அகலமும் அங்கே போவது முறை. 86-இன் எடையோ முன்னே 53, பின்னே 47 விழுக்காடு. அதன் பின்சக்கரத்துக்கு மட்டும் அகலத்தைக் கூட்டினால், வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பியும் மூக்கு நேராகவே போகும். பின்சக்கரக் காரை எதற்காக வாங்கினோமோ அந்தச் சமநிலையைக் கழற்றிக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறோம். முன்பின் டயர்களை இடம் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைப் பங்கிடவும் வழியில்லாமல் போகிறது. சக்தியும் தேய்மானமும் பின்னால் விழும் காரில் அது சின்ன இழப்பு அல்ல.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, என்ன ரப்பர், எந்தக் குளிருக்கு, எந்தச் சாலைக்கு என்பது. கோடைக்கால வேக டயரின் ரப்பர் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே விறைக்கத் தொடங்கும். டொரொன்டோவில் வாழும் நம்மவர் ஒருவர் பின்சக்கரக் காரில் டிசம்பரில் 255 கோடை டயரோடு போவதைவிட, 205 பனிக்கால டயரோடு போவது பல மடங்கு பத்திரம். சைட்வாலில் அச்சிட்ட, தேய்மானத்தைக் குறிக்கும் டிரெட்வேர் எண்ணைப் பார்த்து 200 என்றால் பிடிப்பு, 400 என்றால் உழைப்பு என்று முடிவுகட்டுவதும் போதாது. அந்த எண்ணை ஒவ்வொரு நிறுவனமும் தானே சோதித்துத் தானே இட்டுக்கொள்கிறது. ஒரு நிறுவனத்தின் 200-ஐ இன்னொன்றின் 200-ஓடு ஒப்பிட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

எண்களில் உண்மையிலேயே உயிர் காக்கக்கூடிய ஒன்று இருக்கிறது. யாரும் அதைப் பார்ப்பதில்லை. சைட்வாலில் டாட் (DOT) என்ற எழுத்துகளை அடுத்து வரும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள், டயர் பிறந்த வாரமும் வருடமும். 2013 நவம்பர் 30 அன்று நடிகர் பால் வாக்கர் கலிஃபோர்னியாவில் இறந்த போர்ஷே கரேரா ஜிடி, 605 குதிரைத்திறன் கொண்ட பின்சக்கரக் கார். ஓட்டியவர் அவருடைய நண்பர். மணிக்கு 45 மைல் வேக எல்லை கொண்ட சாலையில் கார் 80 முதல் 93 மைல் வேகத்தில் போனது என்று லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி ஷெரிஃப் துறை கண்டறிந்தது. முதன்மைக் காரணம் அந்த வேகம்தான். டயர்களுக்கு ஒன்பது வயதுக்கு மேல் ஆகியிருந்ததையும், அது காரின் ஓட்டத்தைப் பாதித்திருக்கக்கூடும் என்பதையும் விசாரணை பதிவு செய்தது. அந்தக் காருக்குத் தயாரிப்பாளர் நிர்ணயித்த பின்டயரின் அகலம் 335 மில்லிமீட்டர்.