ஏழு பேர் கையெழுத்து

மேடவாக்கத்தில் ஏரிக்கரையில் குப்பை அள்ளவும் மழைக்காலத்தில் சோறு கொண்டுபோய்க் கொடுக்கவும் ஒரு வாட்ஸ்அப் குழு போதும். ஆனால் பெரிய வேலைக்குப் பணம் கேட்டுப் போனால், முதல் கேள்வியே பதிவுச் சான்றிதழ் எங்கே என்பதுதான். பக்கத்துச் சோழிங்கநல்லூரில் எத்தனை ஐடி கம்பெனிகள்! ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் நிகர லாபம் காணும் கம்பெனி, முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு (சிஎஸ்ஆர்) செலவிட வேண்டும் என்கிறது 2013 கம்பெனிச் சட்டம். அந்தப் பணத்தைத் தொண்டு நிறுவனம் பெற வருமான வரிச் சட்டத்தின் 12ஏ, 80ஜி பதிவுகள் வேண்டும். 2021 ஏப்ரல் முதல் சிஎஸ்ஆர்-1 படிவமும் கட்டாயம். மத்திய அரசு மானியத்துக்கோ நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் பதிய வேண்டும். இவற்றை வெறும் காகிதத் தொல்லை என்று நான் ஒதுக்கமாட்டேன். ஊர்ப்பணத்துக்குக் கணக்கு வேண்டாமா? தீர்மானப் புத்தகமும் சங்கத்தின் பேரில் வங்கிக் கணக்கும் நன்கொடையாளருக்கு மட்டுமல்ல, உறுப்பினருக்கும் பாதுகாப்பு. இன்னொன்று: ஒத்த பணியில் 3 ஆண்டு அனுபவத்தையும் சிஎஸ்ஆர் விதி கேட்கிறது. பணம் தேவைப்படும்போது பதிந்துகொள்ளலாம் என்றிருந்தால் காலம் கடந்துவிடும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் போதும். அடுத்த மழைக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்வாருங்கள்.