ஊர் சுத்தலாம் வாங்க: கல்லில் பேர் போடுவது எப்படி?

பர்ஸைத் திறந்து ஒரு 200 ரூபாய் நோட்டை எடுங்க. (இல்லாதவங்க பக்கத்து பெஞ்ச்ல கடன் வாங்குங்க!) காந்தித் தாத்தாவுக்கு ஒரு வணக்கம் வெச்சுட்டு நோட்டைத் திருப்புங்க. 2017-ல் இருந்து அங்கே குண்டா உட்கார்ந்திருக்கே ஒரு கட்டடம், அதுதான் இந்த வாரம் நாம போற சாஞ்சி ஸ்தூபி!

சென்னையில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினா, போபால்ல இறங்கலாம். அங்கிருந்து சாஞ்சிக்கு 45 கிலோமீட்டர் சொச்சம். ரோட்டு வழியா போனா நடுவுல கடக ரேகையைத் தாண்டுவீங்க. ஸ்கூல் ஜியாக்ரஃபி மிஸ்ஸை நினைச்சுக்கங்க!

கி.மு. 3-ம் நூற்றாண்டுல அசோகர் செங்கல்லில் கட்டின ஸ்தூபி இது. பின்னால வந்தவங்க அதுக்கு மேலேயே கல்லைப் போர்த்தி, கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு பெருசாக்கிட்டாங்க. உயரம் சுமார் 16 மீட்டர். உள்ளே ரூம் எதுவும் கிடையாது, சுத்தி வரணும், அவ்வளவுதான். சிவில் பசங்க வேலியையும் நாலு தோரண வாசலையும் விடாதீங்க. கல்லை மரம் மாதிரி துளை போட்டு, சொருகி, தச்சு வேலை பாணியில நிறுத்தியிருக்காங்க.

தோரணச் சிற்பங்கள்ல புத்தரைத் தேடிப் பாருங்க. கிடைக்க மாட்டார்! கிழக்கு வாசல்ல ஒரு குதிரை போகுது. மேல குடை இருக்கு, ஆள் இல்லை. சித்தார்த்தர் அரண்மனையை விட்டுப் போற காட்சி அது. போதி மரம், பாதச்சுவடு, சக்கரம்னு அடையாளத்துலயே மொத்தக் கதையையும் சொல்லிட்டாங்க.

இப்ப மெயின் மேட்டர். அங்கே கல்லு கல்லா குட்டி குட்டி கல்வெட்டுகள். 1837-ல் அதோட நகல்கள் கல்கத்தா நாணயச் சாலை அதிகாரி ஜேம்ஸ் பிரின்செப் கைக்கு வந்துச்சு. அப்போ பழைய பிராமி எழுத்தைப் படிக்க ஆளே இல்லை. நிறைய வரிகள் ஒரே மாதிரி ரெண்டு எழுத்துல முடியறதை மனுஷன் கவனிச்சார். கோயில்ல இத்தனை பேர் துண்டு துண்டா என்ன எழுதுவாங்க? நன்கொடைதானே! அந்த வார்த்தை... ‘தானம்’. நம்மூர் கோயில் ட்யூப்லைட்ல ‘உபயம்’ போடுறோமே, அதேதான் பாஸ்! அந்தச் சாவியை வெச்சு மத்த எழுத்துகளும் திறந்துச்சு. அசோகரோட கல்வெட்டுகளையே உலகம் படிச்சுது.

யார் அந்த உபயதாரர்கள்? வியாபாரிகள், பிக்குணிகள், குடும்பத் தலைவிகள்... நம்மளை மாதிரி சாதா ஜனங்க. ஒரு பேரரசரைப் படிக்க இவங்க பேருதான் வழிகாட்டுச்சு!

அதே ஸ்தூபியை 1822-ல் சிலர் தோண்டிப் பார்த்துப் பெரிய பள்ளமாக்கிட்டுப் போனாங்க. ஜான் மார்ஷல் 1912-ல் ஆரம்பிச்சு பல வருஷம் உழைச்சு நிமிர்த்தினார்.

இப்ப நம்ம கதைக்கு வருவோம். எந்தக் கோட்டைக்குப் போனாலும் ஹார்ட் வரைஞ்சு, அம்பு விட்டு, ரெண்டு பேர் கீறி வைக்கிறோமே, அதுல என்ன தானம் இருக்கு? பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைச்சா ரெண்டு வருஷம் வரை ஜெயில், இல்லேன்னா ஒரு லட்சம் வரை அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். சட்டத்தை விடுங்க. சாஞ்சிக்காரங்க கல்லைக் கொடுத்துட்டுப் பேர் போட்டாங்க. நாம கல்லைக் கெடுத்துட்டுப் பேர் போடுறோம்.

அடுத்த டூர்ல உங்க கேங்ல யாராவது சாவியைக் கையில எடுத்தா, தடுக்குற முதல் ஆள் நீங்களா இருங்க. அடுத்த வாரம் வேற ஊர்ல மீட் பண்ணுவோம்!